ஐஸ்பெர்க் என்ற சொல் ஆங்கிலத்துக்கு எந்த மொழியிலிருந்து வந்தது?

கடலில் மிதக்கும் பெரும் பனிப்பாறையைக் குறிக்கும் ஐஸ்பெர்க் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் ஜெர்மனா, டச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். டச்சு என்பதே என் பதில். ஆனால் சொல்லின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வந்துவிட முடியாது.

முற்பகுதியான ஐஸ் ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலத்தில் அது 'ஈஸ்' என்று ஒலித்தது. நார்வேயிலும் டென்மார்க்கிலும் இன்றும் அப்படித்தான் ஒலிக்கிறது. மலை எனப் பொருள்படும் 'பெர்க்' மட்டுமே இரவல். அதற்கு இணையாகப் பழைய ஆங்கிலத்தில் இருந்த 'பெயோர்க்' என்ற சொல் காலப்போக்கில் திரிந்து, பண்டை மக்கள் இறந்தோரைப் புதைத்து எழுப்பிய மண்மேட்டைக் குறிக்கும் 'பேரோ' என்றாகி இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆங்கிலேயர் தம் சொந்தச் சொற்களையே இணைத்திருந்தால் 'ஐஸ்பேரோ' என்றுதான் அமைந்திருக்கும். பெர்க் என்ற வடிவமோ டச்சு, ஜெர்மன், சுவீடிஷ் ஆகிய மூன்றுக்கும் பொதுவானது. ஆகவே வரலாற்றைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

1596இல் வில்லெம் பேரன்ட்ஸ் என்ற டச்சு மாலுமி வடதுருவக் கடலில் ஒரு தீவைக் கண்டு, அதன் கூரிய சிகரங்களை வைத்து ஸ்பிட்ஸ்பெர்கன் என்று பெயரிட்டார். அந்தப் பெயரிலேயே பெர்க் இருப்பதைக் கவனியுங்கள். அடுத்த நூற்றாண்டில் அங்கே திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பதற்கென்றே டச்சுக்காரர்கள் ஸ்மேரன்பர்க், அதாவது கொழுப்பு நகரம், என்றொரு குடியிருப்பை அமைத்தார்கள். ஆங்கிலேயத் திமிங்கில வேட்டைக்காரர்களும் அதே கடலில்தான் உலவினார்கள். ஹாம்பர்க்கிலிருந்து ஜெர்மானியரும் வந்தார்கள் என்றாலும், அந்தத் தொழிலில் ஓங்கியிருந்தது டச்சுக்காரர்களின் கையே.

எனக்கு வலுவாகத் தோன்றும் சான்று வேறொன்று. 1773இல் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் சென்ற கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ், மறு ஆண்டு வெளியிட்ட பயண நூலில் ஐஸ்பெர்க் என்று குறிப்பிடுவது மிதக்கும் பாறையை அல்ல. மலைகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தாக்குகளை நிரப்பிக்கொண்டு கடல்வரை இறங்கி நிற்கும் பனியாற்றை! கப்பலில் இருந்து பார்ப்பவருக்கு அது செங்குத்தான பனி மலையாகத்தான் தெரியும். அதன் முகப்பிலிருந்து உடைந்து கடலில் விழும் துண்டுகளுக்குப் பின்னாளில் அதே பெயர் நிலைத்துவிட்டது. சொல் அந்தக் கடற்கரையிலேயே ஆங்கிலேயர் காதில் விழுந்தது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

கடல்நீரே உறைந்து தட்டையாக மிதக்கும் பனித்தகட்டின் பெயரான 'ஃப்ளோ' வேறு வழியில் வந்தது. அது பெரும்பாலும் அடுக்கு என்று பொருள்படும் நார்வேச் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும்.