தாத்தாவுக்கு நாற்காலி, பேரனுக்கு ஓட்டம்

கேள்வி: சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் போகிறோம். அப்பா சக்கர நாற்காலியில்தான் வெளியே வருவார், என் பையனுக்கு ஆறு வயது. இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற பூங்கா எது?

பதில்: யோசிக்கவே வேண்டாம், தாவரவியல் பூங்காதான். 1859-ல் ஆரம்பித்தது, 2015-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. காலை 5 மணிக்குத் திறந்தால் நள்ளிரவு வரைக்கும் திறந்தே கிடக்கும், நுழைவும் இலவசம் (ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட்). ரயிலிலேயே போங்கள், நிலையத்தில் லிஃப்ட் உண்டு. பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கினால் பூங்கா வாசல் அங்கேயே இருக்கிறது, பையனுக்கான ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டமும் அந்தப் பக்கம்தான். அங்கே ஒரு வேடிக்கை, பெரியவர்கள் தனியாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள், குழந்தைதான் நமக்கு டிக்கெட்! தண்ணீரில் ஆடுவான், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

அப்புறம் அப்பாவுக்கு ஒரு கதை. இந்தப் பூங்காவின் இயக்குநராக 1888 முதல் 1911 வரை இருந்த ரிட்லி, ரப்பர் பயிரிடச் சொல்லித் தோட்ட முதலாளிகளை விடாமல் நச்சரித்து 'பைத்தியக்கார ரிட்லி' என்று பேர் வாங்கியவர். மரம் சாகாமல் பால் வெட்டும் முறையும் இங்கேதான் உருவானது. நம் ஊர் ஆட்கள் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனதன் ஒரு நுனி இங்கே இருக்கிறது.

பாதைகள் பெரும்பாலும் குண்டுகுழி இல்லாமல்தான் இருக்கும், ஆனாலும் நிலம் மேடுபள்ளம், நாற்காலி தள்ள தெம்பான ஆள் ஒருவர் வேண்டும். மதிய வெயிலில் மட்டும் கிளம்பாதீர்கள்.