வழக்கு முடிந்துவிட்டது, கைதட்டலாமா? கிரீன்வுட் விவகாரம்: கேள்வி பதில்

மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டங்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். இங்கிலாந்து நீதிமன்றச் செய்திகளையும் விடாமல் படிப்பவன். யுனைடெட்டின் முன்னாள் ஆட்டக்காரர் மேசன் கிரீன்வுட் பற்றியும், அவர் மேல் வந்து கைவிடப்பட்ட பாலியல் குற்ற வழக்கு பற்றியும் என்ன கேட்டாலும் தெரிந்த வரை சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணின் பெயரையோ அவரைப் பற்றிய விவரங்களையோ கேட்டவர்களுக்குப் பதில் கிடையாது. பாலியல் குற்றப் புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடுவது அங்கே சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் சொல்லமாட்டேன்.

நான் இப்போதுதான் கால்பந்து பார்க்க ஆரம்பித்தேன். என்ன நடந்தது, சுருக்கமாகச் சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், கோவை)

யுனைடெட்டின் சொந்த அகாடமியில் சிறுவயதிலிருந்து வளர்ந்தவர் கிரீன்வுட். 2019 மார்ச்சில் பாரிஸில் அந்த ஊர் அணியான பி.எஸ்.ஜி.க்கு எதிராக முதல் அணிக்கு இறங்கியபோது வயது 17. இரண்டு காலிலும் ஒரே வேகத்தில் அடிப்பார். அடுத்த பத்து வருடத்துக்கு இவர்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

2022 ஜனவரி 30 அன்று ஒரு பெண்ணின் காயங்களைக் காட்டும் படங்களும் ஓர் ஒலிப்பதிவும் சமூக ஊடகத்தில் வெளியாயின. அன்றே போலீஸ் கிரீன்வுட்டைக் கைது செய்தது. மறு அறிவிப்பு வரும் வரை பயிற்சிக்கும் வரமாட்டார், ஆடவும் மாட்டார் என்று கிளப் சொன்னது. நைக் முதலில் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு வாரத்தில் ரத்தே செய்துவிட்டது. கால்பந்து வீடியோ கேமிலிருந்துகூட அவர் பெயரை எடுத்தார்கள். அக்டோபரில் குற்றச்சாட்டு பதிவானது: வல்லுறவு முயற்சி, அடக்கி ஆளும் நடத்தை, உடலுக்குக் காயம் விளைவித்த தாக்குதல். அவர் எல்லாவற்றையும் மறுத்தார். 2023 பிப்ரவரி 2 அன்று வழக்கு கைவிடப்பட்டது. அதே வருடம் ஆகஸ்டில், இனி அவர் யுனைடெட்டுக்கு ஆடமாட்டார் என்று முடிவானது. ஸ்பெயினில் கெட்டாஃபே அணிக்குக் கடனாக ஒரு சீசன், 2024இல் பிரான்சின் மார்செய் அணிக்கு விற்பனை.

கேஸ்தான் போய்விட்டதே. அப்படியென்றால் நிரபராதி. இன்னும் ஏன் திட்டுகிறீர்கள்? (யுனைடெட் ரசிகர், திருச்சி)

ரசிகர்கள் மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்.

அங்கே குற்ற வழக்குகளை நடத்தும் அரசுத் துறை சி.பி.எஸ். தண்டனை கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறதா என்பதை அவர்கள் வழக்கு முடியும் வரை திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வழக்கில் முக்கியச் சாட்சிகள் விலகிக்கொண்டார்கள், புதிய தகவல்களும் வந்தன, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இனி வாய்ப்பில்லை என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். விசாரணையே நடக்கவில்லை. ஜூரி எதையும் கேட்கவில்லை.

ஆகவே சட்டத்தின் பார்வையில் அவர் குற்றவாளி கிடையாது. அவரைக் குற்றவாளி என்று எழுத எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை. அதே சமயம், எல்லாம் பொய் என்று எந்த நீதிமன்றமும் கண்டுபிடிக்கவும் இல்லை. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பொய்க்காரி என்று எழுதுகிறார்களே, அதற்கு இந்த வழக்கின் முடிவில் எந்த ஆதாரமும் கிடையாது. நான் திட்டுவது அதைத்தான்.

ஆடியோவை உலகமே கேட்டது. இதற்கு மேல் கோர்ட் எதற்கு? (வாசகி, யாழ்ப்பாணம்)

உங்கள் கோபம் புரிகிறது. எனக்கும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆனால் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். அந்த அளவுகோலைத் தளர்த்தச் சொன்னால் நாளை அது யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. நம் அணிக்கு யார் ஆடவேண்டும், யாருக்காக நாம் பாட்டுப் பாடவேண்டும் என்பதற்கு அவ்வளவு உயரமான அளவுகோல் தேவையே இல்லை. ஒரு கிளப்புக்கு ஆடுவது யாருக்கும் பிறப்புரிமை கிடையாது. ரசிகருக்குத் தான் கேட்டதை வைத்து மனதை மூடிக்கொள்ளும் உரிமை உண்டு. இந்த இரண்டு அளவுகோலையும் தனித்தனியே வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

உண்மை என்றால் பெண்கள் ஏன் பின்வாங்குகிறார்கள்? (பெயர் வேண்டாம்)

இந்தப் பெண் ஏன் விலகினார் என்பது நமக்குத் தெரியாது. ஊகித்து எழுதுவதும் அவருக்குச் செய்யும் இன்னொரு தொந்தரவு. பொதுவாகச் சொல்கிறேன்.

குடும்ப வன்முறை வழக்குகளில் புகார் கொடுத்தவர் விலகுவது, உலகம் முழுக்கப் போலீசும் வக்கீல்களும் தினசரி பார்க்கிற விஷயம். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். குழந்தை, வீடு, பணம் எல்லாம் எதிராளியோடு பின்னிக் கிடக்கும். பயம் இருக்கும். பாசமும் இருக்கும், இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. எதிராளி பிரபலம் என்றால் முகம் தெரியாத லட்சம் பேரின் வசவும் சேரும். இங்கிலாந்தில் 2015ஆம் வருடச் சட்டம் அடக்கி ஆளும் நடத்தையையே தனிக் குற்றமாக்கியது இதனால்தான்: அடி விழாத நாட்களிலும் யாரோடு பேசலாம், எங்கே போகலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று ஒருவர் இன்னொருவரின் வாழ்க்கையைப் பிடித்து வைத்திருக்க முடியும். அப்படிப் பிடியில் இருப்பவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

ஆகவே புகாரிலிருந்து விலகியதை வைத்து மட்டும் அது பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியைப் பெயர் சொல்லாமல் அனுப்பியதால் ஒன்று சேர்க்கிறேன்: தமிழ்நாட்டில் 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண், இரவிலும் எடுப்பார்கள்.

கிளப்பே விசாரித்து, அவர் அந்தக் குற்றங்களைச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டதே? (ஆர்.கே., சென்னை)

சொன்னது. வழக்கு கைவிடப்பட்ட பிறகு சுமார் ஆறு மாதம் உள்விசாரணை நடந்தது. இணையத்தில் வெளியானவை முழுச் சித்திரத்தைத் தரவில்லை, முதலில் பதிவான குற்றங்களை அவர் செய்யவில்லை என்பது கிளப்பின் முடிவு. தவறுகள் செய்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார் என்பதும் அதே அறிக்கையில் இருந்தது.

அந்த முடிவுக்கு நான் அதிக எடை கொடுக்கமாட்டேன். சாட்சியை வரவழைக்கும் அதிகாரம் கிளப்புக்குக் கிடையாது. குறுக்கு விசாரணை கிடையாது. விசாரிக்கப்படுபவர் கிளப்பின் சொத்து, சந்தையில் பல கோடி மதிப்புள்ளவர். வெளியார் யாரிடமாவது முழுப் பொறுப்பையும் ஒப்படைத்திருக்கலாம், செய்யவில்லை. தீர்ப்பையும் தாங்களே எழுதிவிட்டு, அவரை வைத்துக்கொள்ளவும் முடியாமல் அனுப்பினார்கள். செய்யவில்லை என்று உறுதியாக நம்பினால் ஏன் அனுப்ப வேண்டும்? அந்தக் கேள்விக்கு நேரான பதில் இன்றுவரை வரவில்லை.

ரசிகர்கள் கத்தியதால் ஏதாவது மாறியதா? பணம்தானே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது? (மூத்த வாசகர், மதுரை)

மாறியது. 2023 ஆகஸ்ட் மாதத்தை நாள்வாரியாகப் பார்த்தாலே தெரியும்.

அப்போதைய தலைமை நிர்வாகி ரிச்சர்ட் ஆர்னால்ட், கிரீன்வுட்டைத் திரும்ப அணிக்குள் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறார் என்று 'தி அத்லெடிக்' என்ற விளையாட்டுச் செய்தித் தளம் செய்தி வெளியிட்டது. பெண் ரசிகர்கள் சிலர் ஏற்கெனவே ஒன்று சேர்ந்திருந்தார்கள். கிரீன்வுட் திரும்புவதை எதிர்க்கும் பெண் ரசிகர்கள் என்பதையே குழுவின் பெயராக வைத்து அறிக்கை விட்டார்கள். ஆகஸ்ட் 14 திங்கட்கிழமை வுல்வ்ஸ் அணியுடன் சீசனின் முதல் ஆட்டம். யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்ட் வாசலில் பதாகையோடு நின்றார்கள். பெரிய கூட்டம் இல்லை. ஆனால் கேமராக்கள் அங்கேதான் இருந்தன. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ரேச்சல் ரைலி சிறுவயதிலிருந்து யுனைடெட் ரசிகை, கிரீன்வுட் திரும்பினால் இனி இந்தக் கிளப்பை ஆதரிக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆகஸ்ட் 21 அன்று, இரு தரப்பும் பேசி முடிவெடுத்துவிட்டோம், அவர் வேறு இடத்தில் ஆடுவார் என்று கிளப் அறிவித்தது.

இதற்கிடையில் நடந்த ஒரு விஷயத்தை நான் மறக்கத் தயாராக இல்லை. உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவில் இருந்த பெண்கள் அணி வீராங்கனைகளிடமும் கிளப் கருத்துக் கேட்க இருக்கிறது என்று செய்தி வந்தது. உடனே அவர்கள் மேல் இணையத்தில் வசை பொழிந்தார்கள். போட்டியின் நடுவே இருந்த வீராங்கனைகள் அவர்கள்! யார் தோளில் எதை இறக்கி வைத்தார்கள் பாருங்கள்.

இன்னும் சிறிய ஊரில் இன்னும் தெளிவாக நடந்தது. ஸ்காட்லாந்தில் ரெய்த் ரோவர்ஸ் என்று ஒரு கிளப். 2022 ஜனவரி கடைசி நாளில் டேவிட் குட்வில்லியை வாங்கினார்கள். 2017இல் ஒரு சிவில் வழக்கில், அவர் வல்லுறவு செய்தவர் என்று நீதிபதி தீர்ப்பளித்திருந்தார். துப்பறியும் நாவலாசிரியர் வால் மெக்டெர்மிட் அந்தக் கிளப்பின் சட்டைக்கு விளம்பரம் கொடுத்துவந்தவர், உடனே நிறுத்தினார். பெண்கள் அணித் தலைவி விலகினார். சில நாட்களிலேயே கிளப் மன்னிப்புக் கேட்டு, குட்வில்லியை ஆடவைக்கமாட்டோம் என்றது. பெண்கள் அணி கிளப்போடு உறவை முறித்துக்கொண்டு, மெக்டெர்மிட் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

மார்செய் ரசிகர்கள் மட்டும் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? (பிரான்ஸ்வாழ் வாசகர்)

எல்லோரும் ஏற்கவில்லை. நகர மேயர் பெனுவா பாயானே இந்த ஒப்பந்தம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ரசிகர்களில் ஒரு பகுதியும் எதிர்த்தது. பிறகு முதல் லீக் ஆட்டத்தில் பிரெஸ்ட் அணிக்கு எதிராக இரண்டு கோல். அந்த சீசன் முடிவில் 21 கோலோடு, பி.எஸ்.ஜி.யின் டெம்பெலேவுக்குச் சமமாக லீக்கில் முதலிடம். எதிர்ப்புக் குரல் கேட்பது குறைந்துவிட்டது. கோல் அடிப்பவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

கெட்டாஃபேவில் அவர் இறங்கிய முதல் ஆட்டத்தில் எதிரணியான ஒசாசுனா ரசிகர்கள் சிலர் "செத்துப்போ" என்று கோஷம் போட்டார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். அடுத்த ஊர் ஆட்டக்காரரைச் சீண்டக் கிடைத்த கருவியாகத்தான் இந்த விஷயம் அங்கே பயன்பட்டது. பெண்கள் மேல் அக்கறை இருந்திருந்தால் கோஷம் அப்படி வந்திருக்காது.

புகார் பொய்யாக இருந்தால் ஆட்டக்காரரின் வாழ்க்கை போய்விடாதா? (வழக்கறிஞர், சேலம்)

நியாயமான கவலை. யுனைடெட்டின் பழைய நட்சத்திரம் ரயன் கிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். காதலியாக இருந்தவரைத் தாக்கியதாகச் சொல்லி 2020 நவம்பரில் கைதானபோது வேல்ஸ் அணியின் பயிற்சியாளர். விடுப்பில் போனார், ராப் பேஜ் பொறுப்பேற்றார். 2022 ஜூனில் கிக்ஸ் பதவியை விட்டார், அதே மாதம்தான் வேல்ஸ் 1958க்குப் பிறகு முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தது. ஆகஸ்டில் விசாரணை நடந்தது, ஜூரியால் முடிவுக்கு வர முடியவில்லை. மறுவிசாரணைக்கு முன் 2023 ஜூலையில் வழக்கு கைவிடப்பட்டு, குற்றமற்றவர் என்றே பதிவானது. கிரீன்வுட் வழக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்: இங்கே விசாரணையும் நடந்தது, தீர்ப்பும் பதிவானது. அவர் இழந்ததை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

என் கருத்து, சம்பளத்தோடு ஒதுக்கி வைப்பதுதான் இருவருக்கும் நியாயம். குற்றவாளி என்ற முத்திரையும் இல்லை, வாரா வாரம் அறுபதாயிரம் பேர் அவர் பெயரைப் பாடுவதை அந்தப் பெண் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. உண்மையான கோளாறு நீதிமன்றத் தாமதத்தில் இருக்கிறது. கைதுக்கும் வழக்கின் முடிவுக்கும் நடுவே இரண்டரை வருடத்துக்கு மேல் ஓடினால் இரு தரப்புமே நொந்துபோகும்.

இங்கிலாந்து தோற்றால் வீட்டில் பெண்கள் அடி வாங்குகிறார்கள் என்கிறார்களே, உண்மையா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இருக்கிறது. 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளின்போது லங்காஷயர் போலீசுக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்களை எடுத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் 38 சதவீதம் அதிகம். வென்ற அல்லது சமன் செய்த நாட்களிலும் 26 சதவீதம் அதிகம். ஒரே ஒரு காவல் பகுதியின் கணக்கு என்பதால் நாடு முழுக்க இப்படித்தான் என்று சொல்ல முடியாது. கால்பந்துதான் காரணம் என்றும் ஆய்வாளர்கள் சொல்லவில்லை. குடி, உணர்ச்சிக் கொந்தளிப்பு எல்லாம் ஒரே நாளில் சேர்கின்றன. ஆனால் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். ஜெயித்த நாளிலும் கூடுகிறது.

அவருடைய பழைய கோல்களை இப்போது பார்த்தால் தப்பா?

தப்பில்லை. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

என் மகனுக்கு 13 வயது. மார்செய் சட்டையில் கிரீன்வுட் பெயர் போட்டு வேண்டும் என்கிறான். என்ன சொல்வது? (ஒரு தந்தை, சிங்கப்பூர்)

முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள். அவன் நண்பர்கள் மூலமாகப் பாதியைக் கேட்டிருப்பான், அதுவும் அரைகுறையாக. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்ட வேண்டாம். ஒரு பெண் துன்புறுத்தலுக்கு ஆளானதாகப் புகார் வந்தது, அவர் மறுத்தார், விசாரணை நடக்காமலே வழக்கு முடிந்தது என்று சொன்னால் 13 வயதுப் பையனுக்குப் புரியும். 2022இல் அவர் பெயர் போட்ட சட்டைகளை யுனைடெட்டே மாற்றிக் கொடுத்தது என்பதையும் சொல்லலாம். அவன் கேள்வி கேட்பான், கேட்கட்டும்.

அதற்குப் பிறகும் அதே பெயர்தான் வேண்டும் என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கித் தரமாட்டேன். நீதிமன்றம் அவரைத் தண்டிக்கவில்லை, அதனால் நானும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, ஆனால் என் காசில் அந்தப் பெயரை வாங்க எனக்கு மனமில்லை என்று அவனிடம் நேராகவே சொல்வேன். மார்செய் சட்டை வேண்டுமென்றால் அவன் சொந்தப் பெயரைப் போட்டு வாங்கிக் கொடுங்கள்.