போர்னியோ மழைக்காட்டுப் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மலேசியாவின் சபா மாநிலத்து மழைக்காட்டைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. ஒரு பயண நிறுவனம் ஐந்தே நாட்களில் கோத்தா கினபாலு, செப்பிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம், கினபாத்தாங்கான் ஆறு, டானும் பள்ளத்தாக்கு ஆகிய நான்கையும் காட்டுவதாகச் சொல்கிறது. ஒராங்குட்டான், போர்னியோ யானை, மேகத் திட்டுப் போன்ற புள்ளிகள் கொண்ட படைச்சிறுத்தை மூன்றையும் பார்ப்பது நிச்சயமாம். நம்பிப் பணம் கட்டலாமா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கட்ட வேண்டாம். ஒராங்குட்டானைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு; யானைக் கூட்டம் நீங்கள் போகும் வாரத்தில் ஆற்றின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது; படைச்சிறுத்தையோ அங்கேயே வேலை செய்யும் வழிகாட்டிகளுக்கே அபூர்வமாகத்தான் கண்ணில் படும். மூன்றையும் ஒரே மூச்சில் "நிச்சயம்" என்று சொல்பவருக்குக் காடு தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஐந்து நாள் கணக்கும் உதைக்கிறது. கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து செப்பிலோக்குக்குப் பக்கத்து ஊரான சண்டாக்கானுக்கோ, லஹாட் டத்துவுக்கோ இன்னொரு விமானம். லஹாட் டத்துவிலிருந்து டானும் போக, பெரும்பகுதி மண்சாலையில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுங்க வேண்டும். நான்கு இடங்களை ஐந்து நாட்களில் அடக்கினால் நீங்கள் பார்க்கப்போவது வேன் சன்னலும் அதற்கு வெளியே மணிக்கணக்கில் ஓடும், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டமும்தான்.

அந்தச் செம்பனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கே எத்தனை இரவு தங்குவது என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. கினபாத்தாங்கான் 560 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. அதன் கீழ்ப்பகுதியில், சுக்காவ் கிராமத்தைச் சுற்றி, மாலை நான்கு மணிக்குப் படகில் ஏறினால் இருட்டுவதற்குள் நீளமூக்குக் குரங்குக் கூட்டங்கள், இருவாச்சிகள், கரையில் கிடக்கும் முதலை என்று வரிசையாகத் தென்படும். நீளமூக்குக் குரங்கு போர்னியோத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. பகலில் உள்ளே மேய்ந்துவிட்டு இரவு உறங்க ஆற்றோர மரத்துக்கு வந்துவிடும் என்பதால்தான் படகுச் சவாரியை மாலையில் வைக்கிறார்கள். முதல் முறை போகிறவர்கள் "எவ்வளவு செழிப்பான காடு" என்று வியந்துபோகிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். இருபுறமும் செம்பனை நெருக்கிவிட்டதால், மிஞ்சிய ஆற்றோரக் காட்டுக்குள் அத்தனை விலங்குகளும் ஒதுங்கி நிற்கின்றன. அந்தக் காடு சில இடங்களில் ஒரு பட்டை அளவுக்குத்தான் இருக்கிறது. 2005இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதியும் ஒரே துண்டாக இல்லை.

டானும் வேறு மாதிரி. 438 சதுர கிலோமீட்டர், மரம் வெட்டப்படாத தாழ்நிலக் காடு. நம் சால மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மெராந்தி மரங்கள் அங்கே அறுபது எழுபது மீட்டர் சாதாரணமாக வளர்கின்றன. ஒன்றை 2019இல் ஆள் ஏறி அளந்தபோது 100.8 மீட்டர் இருந்தது. இவ்வளவு உயரமும் இவ்வளவு பரப்பும் இருக்கையில் விலங்கு ஏன் உங்கள் கண்முன் வந்து நிற்க வேண்டும்? அரை நாள் நடந்தும் ஒரு பல்லியையும் மரவட்டையையும் மட்டும் பார்த்துத் திரும்புவது அங்கே இயல்பு. அதனால் கினபாத்தாங்கானில் இரண்டு இரவும் டானுமில் குறைந்தது மூன்று இரவும் வைத்துக்கொள்ளுங்கள். கோத்தா கினபாலுவில் விமானம் மாறினால் போதும். வரிசையும் முக்கியம்: ஆறு முதலில், டானும் பிறகு. ஆற்றில் கண் பழகியவருக்கு டானுமின் அமைதி ஏமாற்றமாகத் தோன்றாது. மார்ச் முதல் அக்டோபர் வரை மழை ஓரளவு குறைவு; டிசம்பர், ஜனவரியில் ஆறு கரை மீறும். டானுமில் தங்கும் அறைகள் குறைவு என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: வழிகாட்டி இல்லாமல் காட்டுப்பாதையில் தனியாக நடக்க முடியாதா? இரண்டு பேர் போகும் பயணத்தில் அவருக்கான கட்டணமே பெரிய தொகையாக வருகிறதே? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: விடுதியை ஒட்டிய சிறு பாதைகளில் நடக்கலாம். அதற்கு மேல் உள்ளே போக வழிகாட்டி வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. ஆனால் ஏற்பாட்டை விடுங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் உண்மையிலேயே பொருள் உள்ள பகுதி அதுதான் என்பது என் கருத்து.

டானுமில் ஒரு காலை நடையில் எங்கள் வழிகாட்டி திடீரென்று குனிந்து, பாதையில் கிடந்த ஓர் அத்திக்காயை எடுத்தார். பாதி கடித்துத் துப்பிய காய். கடித்த இடத்தில் வெள்ளைப் பால் இன்னும் ஈரமாக இருந்தது. அதைக் காட்டிவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் மேலே பார்த்தபடி நின்றார். நாங்களும் நின்றோம். கழுத்து வலித்தது; இலையைத் தவிர எதுவும் இல்லை. இருபது நிமிடம் கழித்து இன்னொரு காய் பொத்தென்று விழுந்தது, அதன் பிறகுதான் கிளைகளுக்கு நடுவே செம்பட்டை மயிர் அடர்ந்த ஒரு நீண்ட கை தெரிந்தது. நான் மட்டும் போயிருந்தால் அந்தக் காயை மிதித்துக்கொண்டு நடந்திருப்பேன்.

ஒராங்குட்டான் இரவுக்கு இரவு புதிதாகக் கிளைகளை மடக்கிக் கூடு கட்டிப் படுக்கும். கூட்டின் தழை பச்சையாக இருந்தால் அண்மையில் கட்டியது, பழுப்பேறியிருந்தால் பழையது. மாலையில் ஒன்று கூடு கட்டுவதைப் பார்த்துவிட்டால், மறுநாள் விடிவதற்கு முன் அதே மரத்தடிக்கு உங்களை எழுப்பிக் கூட்டிப்போவார்கள். எந்த அத்திமரம் இந்த வாரம் காய்த்திருக்கிறது என்பதும் அவர்கள் தலைக்குள் இருக்கும். இது சாதாரணத் தகவல் அல்ல, ஏனெனில் அந்தக் காட்டின் பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. எல்நினோ வறட்சியை ஒட்டிப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றுசேர்ந்து பூத்துக் காய்க்கும். இடைப்பட்ட காலத்தில் குரங்குக்கும் இருவாச்சிக்கும் அத்திதான் சோறு.

பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், எல்லா நாளும் அவரே வருவாரா? பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் கடைசியில் நடப்பவருக்கு விலங்கின் பெயர் மட்டுமே கிடைக்கும்.

கேள்வி: அட்டையை நினைத்தாலே உடல் கூசுகிறது. அதற்காகவே பயணத்தைத் தள்ளிப்போடுகிறேன். (ஒரு வாசகி, சென்னை)

பதில்: தள்ளிப்போட வேண்டாம், ஆனால் ஒன்றுகூடக் கடிக்காது என்று நான் வாக்குத் தரமாட்டேன். அங்கே இரண்டு வகை. தரையிலிருந்து ஏறும் பழுப்பு அட்டை கடிப்பதே தெரியாது. இலைநுனியில் உடலை நீட்டிக் காத்திருக்கும் வரிப்புலி அட்டை கடித்தால் சுருக்கென்று தெரியும், அது இடுப்புக்கு மேலும் வரும். நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை நீளும் அட்டைக் காலுறை அங்கேயே விலைக்குக் கிடைக்கிறது. கால்சட்டையின் மேல் அதை இழுத்துக் கட்டி, சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் காலங்காலமாகப் பூசிய புகையிலையும் சுண்ணாம்பும் வேலை செய்யும்தான், ஆனால் மழையில் கழுவிப்போகும். கடித்துவிட்டால் நகத்தால் ஓரத்தை நெம்பி எடுத்துவிட்டுச் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். இரத்தம் சில மணி நேரம் கசியும், அதில் ஆபத்தில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது கொசுவைப் பற்றி. குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒரு வகை மலேரியா சபாவில் உண்டு. புறப்படும் முன் மருத்துவரிடம் இதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

கேள்வி: செப்பிலோக் ஒரு மிருகக்காட்சிசாலைதானே? அதைப் பார்த்துவிட்டு "காட்டில் ஒராங்குட்டானைப் பார்த்தேன்" என்று சொல்வது சரியா? (ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: சரியில்லை, ஆனால் மிருகக்காட்சிசாலையும் இல்லை. 1964இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் அது. காடு அழிந்தபோதும் வளர்ப்புக்காகப் பிடிக்கப்பட்டபோதும் தாயை இழந்த குட்டிகளுக்கு ஏறவும் கூடு கட்டவும் பழக்கி, பக்கத்துக் காட்டில் விடுகிறார்கள். ஒரு தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈனும் என்பதால் ஒவ்வொரு குட்டியும் கணக்கில் வரும். மேடையில் பழம் வைக்கும் நேரத்தில் நீங்கள் பார்ப்பது இந்த விலங்குகளைத்தான். வராமல் போகும் நாளும் உண்டு. காட்டிலேயே தேடிக்கொள்கின்றன என்று பொருள், அன்று பணியாளர்களுக்கு மகிழ்ச்சி, சீட்டு வாங்கியவர்களுக்கு முணுமுணுப்பு. சண்டாக்கானில் இறங்கும் நாளில் அரைப்பொழுது ஒதுக்கினால் போதும்.

கேள்வி: நாங்கள் சைவம். உணவு கிடைக்குமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: முன்கூட்டியே சொன்னால் கிடைக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கீரைப் பொரியலிலும் சம்பலிலும் பெலாச்சான் எனப்படும் இறால் விழுது சேர்வது அங்கே வழக்கம். அந்தச் சொல்லையே சொல்லித் தவிர்க்கச் சொல்லுங்கள். ஊறுகாய் எடுத்துப் போங்கள்.

கேள்வி: வால்பாறையிலேயே மழைக்காடு இருக்கும்போது கடல் கடந்து ஏன் போக வேண்டும்? (ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: போயே ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் சிங்கவால் குரங்கு போர்னியோவில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லை. ஒன்று கவனித்திருப்பீர்கள்: வால்பாறையில் அது புதுத்தோட்டம் பகுதியில் சாலையோரத்திலேயே, கூரைகளின் மேலேயே தென்படுகிறது. கினபாத்தாங்கானுக்குச் சொன்ன காரணமே இங்கும். தேயிலைக்கு நடுவே மிஞ்சிய துண்டுக்காட்டில் அவை வாழ்கின்றன. வண்டியை நிறுத்திப் பிஸ்கட் நீட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒராங்குட்டானுக்காகச் சேமிக்கும் ஆண்டுகளில், ஒரு பைனாகுலருடன் அங்கே இரண்டு காலைகள் சும்மா நின்று பழகுங்கள்.

கேள்வி: கேமராவுக்கு என்ன பாதுகாப்பு? (அதே வாசகர்)

பதில்: குளிரூட்டிய அறையில் இரவு முழுவதும் வைக்காதீர்கள். விடியற்காலையில் வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்துவிடும். நான் பார்த்த முதல் இருவாச்சி இணை தலைக்கு மேல் பறந்தபோது, அதன் சிறகோசை ரயில் எஞ்சின் மூச்சு விடுவதைப் போலக் கேட்டுக்கொண்டிருக்க, நான் லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன். பையை இரவு தாழ்வாரத்திலேயே விட்டுவிடுங்கள்.