கட்டிலருகே ஒரு நாற்காலி: வாசகர் கேள்வி – பதில்

மனத்தின் ஆழத்தில் புதைந்து கிடப்பதைப் பேச்சின் வழியே வெளிக்கொணரும் சிகிச்சையான உளப்பகுப்பாய்வு பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வட ஆற்காட்டிலிருந்து, வந்த கடிதங்களில் சில இங்கே.

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. நிமோனியா காய்ச்சலில் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பிறகு வார்டிலுமாக ஒரு வாரத்துக்கு மேல் இருந்தாள். அட்டெண்டர் பாஸ் ஒருவருக்குத்தான். ஷூ கம்பெனியில் எனக்கு லீவு கிடைக்காததால் மாமியார் உடனிருந்தார். கணவர் குவைத்தில் இருக்கிறார். வீட்டுக்கு வந்ததிலிருந்து குழந்தை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "பெற்றால் போதுமா?" என்று வீட்டில் குத்திக்காட்டுகிறார்கள். இதற்கெல்லாம் உளப்பகுப்பாளரிடம் போக முடியுமா?
— ஒரு தாய், ஆம்பூர்

பதில்: அம்மா, குழந்தை உங்களை மறந்துபோயிருந்தால் அவளுக்கு உங்கள் மேல் கோபம் வந்திருக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்றால், நீங்கள் வர வேண்டும் என்று அவள் எதிர்பார்த்துக் காத்திருந்தாள் என்றே பொருள்.

இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது உளப்பகுப்பாளர்களான அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார்கள். குண்டுவீச்சின் அதிர்ச்சியைவிடத் தாயைப் பிரிந்த துயரமே சிறு குழந்தைகளை அதிகம் பாதிக்கிறது என்பதை அங்கே அவர்கள் கண்டார்கள். கண்டதைக் கட்டுரையாக எழுதியதோடு நிற்காமல் காப்பகத்தின் நடைமுறையையே மாற்றினார்கள். சில குழந்தைகளுக்கு ஒரு பணிப்பெண் என்று சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்தார்கள். தாய்மார்கள் எந்நேரமும் வந்து போக அனுமதித்தார்கள். ஊழியர்கள் அனைவரும் தாங்கள் பார்த்ததைச் சிறு அட்டைகளில் குறித்துவைக்க வேண்டும் என்பது அங்கே விதி. கொதிகலனைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் அதற்கு விலக்கல்ல. பிற்காலத்தில் அவரே உளப்பகுப்பாளரானார்.

அந்த ராபர்ட்சன் 1952-இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் லாரா என்ற இரண்டு வயது ஐந்து மாதக் குழந்தை, தொப்புள் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். அவள் வீறிட்டு அழுபவள் அல்லள். உதட்டை இறுக்கி அழுகையை அடக்கிக்கொண்டு, இடையிடையே அம்மாவைக் கேட்கிறாள். அம்மா பார்க்க வந்தபோதோ உங்கள் மகளைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பெற்றோர் வந்து போனால் குழந்தைகள் அழுது வார்டின் அமைதி கெடும் என்று பார்வை நேரத்தைக் கறாராகச் சுருக்கிவைத்திருந்த அன்றைய பிரிட்டிஷ் மருத்துவர்கள் பலர் அந்தப் படத்தைக் கண்டு கொதித்தெழுந்தார்கள். ஆயினும் 1959-இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய அந்நாட்டு அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும் சிறு குழந்தைகளுடன் தாய் தங்கவும் வழிசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிகிச்சை அறைக்கு வெளியே உளப்பகுப்பாளர்கள் சாதித்தவற்றில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன்: கட்டிலருகே தாய்க்கு ஒரு நாற்காலி.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் அது போதும். அவளை இழுத்து மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்து வந்ததும் அவள் விளையாடும் இடத்தில் போய் உட்காருங்கள். "ஆஸ்பத்திரியில் அம்மா இல்லை என்று உனக்குக் கோபம், இல்லையா?" என்று நடந்ததை அவளிடம் வாய்விட்டே சொல்லுங்கள்; இரண்டரை வயதுக்கு அது புரியும். காலையில் அவள் பார்க்காத நேரம் பார்த்து நழுவாமல், அழுதாலும் சொல்லிவிட்டே கிளம்புங்கள். "அம்மா வேண்டுமா, பாட்டி வேண்டுமா?" என்று யாரும் வேடிக்கைக்குக்கூடக் கேட்கக் கூடாது. மாமியார் அந்த வாரம் முழுவதும் உடனிருந்ததால்தான் குழந்தைக்குப் பற்றிக்கொள்ள ஓர் இடுப்பு கிடைத்தது. அவரிடம் இதை நன்றியோடு சொன்னால் குத்தல் பேச்சும் ஒருவேளை குறையலாம். சில வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டாலோ, உறக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, பேசிய பேச்சு குறைந்தாலோ குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள்.

"பெற்றால் போதுமா?" என்ற கேள்வியை உங்களைவிட உங்கள் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தமே சொல்லிவிட்டது. தோல் பதனிடுதலும் காலணித் தொழிலும் பெண்களின் உழைப்பில் நடக்கும் ஊரில், குழந்தையின் மனநலத்தைக் குடும்பத்துக்குள் மட்டும் வைத்துப் பேசுவது பாதி உண்மையே.

கேள்வி: சோபாவில் படுக்கவைத்து வருடக்கணக்கில் பேச விடுவது பணக்காரர்களுக்குத்தானே? பீடி சுற்றுபவருக்கு இதில் என்ன இருக்கிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: நியாயமான கேள்விதான் ஐயா, கட்டணத்தைப் பொறுத்தவரை இன்றும் நியாயமானதே. ஆனால் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்டே 1918-இல் புடாபெஸ்ட் மாநாட்டில், ஏழைகளுக்கும் மனச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு, ஒருநாள் அரசோ அறக்கட்டளைகளோ அதை இலவசமாகத் தரும் என்று பேசினார். அப்போது பகுப்பாய்வு என்ற தங்கத்தோடு வேறு முறைகள் என்ற செம்பையும் கலக்க வேண்டிவரும் என்பதையும் ஒப்புக்கொண்டார். 1920-இல் பெர்லினிலும் 1922-இல் வியன்னாவிலும் இலவச மருத்துவகங்கள் திறக்கப்பட்டன. அதே 1922-இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்தின் முயற்சியில் 1940-இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை உருவானது. இந்தச் சிகிச்சை நம் ஊர்களுக்கு வந்து சேராமல் போனதற்குப் பணம் மட்டுமே காரணம் அல்ல. பயிற்சி பெற்றவர்கள் பெருநகரங்களை விட்டு வெளியே வரவில்லை என்பது என் மனக்குறை.

கேள்வி: என் தந்தை ராணுவத்தில் இருந்தவர். போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். தட்டு கீழே விழுந்தால் மட்டும் வீடே நடுங்கும்படி கத்துவார். இப்போது என் மகன் அழுதால் எனக்குள்ளும் அதே சீற்றம் எழுகிறது. இது பரம்பரையாக வருமா?
— ஒரு வாசகர், அணைக்கட்டு

பதில்: பேசப்படாதது குழந்தைக்கு வேறு வழியில் வந்து சேரும் என்பதை, நாஜி வதைமுகாம்களில் தப்பியவர்களின் பிள்ளைகளிடம் பணியாற்றிய பகுப்பாளர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு நெருக்கமாக இருக்கப்போவது குழந்தைகளுக்கான உளப்பகுப்பாளர் செல்மா ஃபிரைபர்க் அமெரிக்காவின் மிச்சிகனில் செய்த வேலை. அவருடைய குழு நோயாளியை வரவழைக்காமல் வீட்டுக்கே போய், சமையலறையில் உட்கார்ந்து, கைக்குழந்தை பக்கத்தில் இருக்கும்போதே பெற்றோரிடம் பேசியது. 1975-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஓர் இளம் தாய் வருகிறார். குழந்தை வீறிட்டு அழும்போதும் அவர் காதில் விழாததுபோல உட்கார்ந்திருக்கிறார். சிறு வயதில் தான் கைவிடப்பட்டதை அவர் அழுது சொல்லி முடித்த பிறகுதான் தன் குழந்தையை எடுத்து அணைக்கிறார். நடந்த சம்பவங்களை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதாது, அப்போது பட்ட பயத்தையும் வலியையும் நினைவுகூர்ந்தவர்களே அதைப் பிள்ளைகளிடம் திரும்பச் செய்யாமல் தப்பினார்கள் என்பது ஃபிரைபர்க்கின் முடிவு.

எனவே, பரம்பரையா என்பதைவிட, தட்டு விழுந்த அன்று மூலையில் நின்ற சிறுவனுக்கு எப்படி இருந்தது என்பதை உங்கள் மனைவியிடமோ நண்பரிடமோ மருத்துவரிடமோ ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பாருங்கள். தந்தையைக் கட்டாயப்படுத்திப் பேசவைக்காதீர்கள். மௌனத்தால் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

கேள்வி: சாதிக் கலவரங்களையும் தலைவர்களையும் உளப்பகுப்பாய்வு செய்ய முடியாதா?
— கல்லூரி மாணவர், ஆற்காடு

பதில்: கலவரத்தை ஆராயலாம், இந்திய உளப்பகுப்பாளர் சுதீர் கக்கர் ஹைதராபாத் கலவரங்களைப் பற்றி எழுதுவதற்கு முன் இரு தரப்பு மக்களையும் நேரில் கண்டு பேசினார். நேரில் காணாத தலைவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது வேறு விஷயம். 1964-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டரைப் பற்றி மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்டு, அவதூறு வழக்கில் தோற்றது. 1973-இல் அந்நாட்டு மனநல மருத்துவச் சங்கம் அவ்வாறு செய்யக் கூடாது என்று விதியே வகுத்தது. ஒரு சாதியையோ ஊரையோ முழுவதுமாக ஒரு நோயாளியாகப் பாவித்துத் தொலைக்காட்சியில் பேசுபவர்கள் மீதும் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: வேலூரில் யாரிடம் போவது?
— பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையை நெடுங்காலமாகப் பின்பற்றுகிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். நேரில் போகத் தயக்கமானால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். முதல் சந்திப்பிலேயே, மருந்தோடு பேச்சுச் சிகிச்சையும் உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரே சிகிச்சையாளரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.