எப்போதோ நடந்த வரலாறு இன்றைய வியாபாரத்தையும் சாப்பாட்டையும் எப்படித் தீர்மானிக்கிறது?

சென்னை பாரிமுனையில் விற்கும் அத்தோ என்ற நூடுல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பர்மிய உணவு. அங்கே வந்ததற்குக் காரணம் அரசியல்.

1852 போரில் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதி டெல்டா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. காடழித்து வயலாக்கக் கடன் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் சிறு விவசாயிக்குத் தரவில்லை. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களுக்குப் பின்னால் இருப்பது அந்த வட்டிப் பணம்தான். 1937-இல் ஐஓபி வங்கி தொடங்கியபோது, காரைக்குடி, சென்னையோடு ரங்கூனிலும் அதே நாளில் கிளை திறந்தது.

ஆனால் 1930-களில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாதவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு. சொந்த மண்ணில் குத்தகைக்காரனாகிப்போன பர்மிய விவசாயியின் கோபத்தை நாம் பெரும்பாலும் பேசுவதே இல்லை. பேச வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கோபம் அந்நாட்டு அரசியலில் ஊறிப்போனது. 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின், வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமையாக்கினார். வட்டித் தொழிலோடு சம்பந்தமே இல்லாத கூலிக்காரர்களும் சிறு கடைக்காரர்களும் கப்பலேறி வெறுங்கையோடு சென்னை வந்தார்கள். பாரிமுனைப் பக்கம் உள்ள பர்மா பஜார் கடைவீதி அவர்களுக்காக உருவானது. அத்தோவும் அவர்களோடு வந்ததுதான். மனம் கேட்காமல் மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்கே திரும்பிப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் அங்குள்ள எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன.