நள்ளிரவு 12 முதல் 2 வரை: கல்லூரி ரேடியோ டி.ஜே. பதில்கள்

அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு பல்கலைக்கழக ஊரில் ஆராய்ச்சி மாணவி நான். வாரத்தில் ஒரு ராத்திரி மாணவர் ரேடியோவில் இண்டி ராக், அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக் இசை, நிகழ்ச்சி நடத்துகிறேன். 2024இல் வந்த ஆல்பங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, காலேஜ் ரேடியோ என்றால் நம் ஊர் எஃப்.எம். மாதிரியா? எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று யார் முடிவு செய்வார்கள்? (கல்லூரி மாணவர், கோவை)

விளம்பரம் கிடையாது தம்பி, சம்பளமும் கிடையாது. அமெரிக்காவில் எஃப்.எம். வரிசையின் கீழ்ப்பகுதி, 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை, லாப நோக்கமற்ற நிலையங்களுக்கு என்று ஒதுக்கியது. பெரும்பாலான மாணவர் ரேடியோக்கள் அங்கேதான் இருக்கும். புது ஆல்பம் வந்தால் எங்களில் ஒருவர் கேட்டுவிட்டு, உறைமேல் ஒரு சீட்டு ஒட்டுவார்: எந்தப் பாட்டு நல்லது, எதில் கெட்ட வார்த்தை, எந்தக் குழுவின் சாயல். எங்கள் நிலையத்தில் மணிக்கு நான்கு பாட்டு புது அலமாரியிலிருந்து போட்டாக வேண்டும். மற்றதெல்லாம் என் இஷ்டம். வாராவாரம் அதிகம் ஓடியவற்றைப் பட்டியல் போட்டு அனுப்புவோம். முன்பு எல்லா நிலையங்களின் பட்டியலையும் தொகுத்தது சி.எம்.ஜே. என்ற இசைப் பத்திரிகை; அது நின்றபின் என்.ஏ.சி.சி. என்ற அமைப்பு.

சிண்டி லீயின் 'டயமண்ட் ஜூபிலி'யை ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். எனக்குப் பழைய டேப் மாதிரிதான் கேட்டது. என்னிடம்தான் கோளாறா? (திருச்சி)

கோளாறு இல்லை. அது பழைய டேப் மாதிரி கேட்க வேண்டும் என்றே செய்தது. சிண்டி லீ என்பது பேட்ரிக் ஃப்லெகல் என்பவரின் மேடைப் பெயர். கனடாவில் கால்கரி நகரத்தின் 'விமன்' குழுவில் இருந்தவர். 2024 மார்ச் கடைசியில் 32 பாட்டு, இரண்டு மணி நேரம், எல்லாவற்றையும் யூடியூபில் ஒரே வீடியோவாகப் போட்டார். ஸ்பாட்டிஃபையில் அப்போது இல்லை. எங்களுக்கு விளம்பரத் தபாலும் வரவில்லை. நாங்களே தேடிப்போய் எடுத்தோம். ஒரு ரேடியோக்காரிக்கு இதைவிட மரியாதையான அழைப்பு வேறில்லை.

ராத்திரியில் இலங்கை வானொலியைத் திருகிப் பிடித்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். பாட்டு கரைந்து போகும், கொஞ்சம் இரைச்சல், அப்புறம் வேறெங்கிருந்தோ திரும்பி வரும். அந்த அனுபவம்தான் இது. அறுபதுகளின் பெண் குழுப் பாடல்களின் மெட்டு, அதன்மேல் மெல்லிய கம்பி போல ஒரு கிதார். நடுவில் தொய்வு உண்டு, மறுக்கமாட்டேன். பத்துப் பாட்டைக் குறைக்கலாம் என்று நானும் ஒரு நண்பனும் தனித்தனியாகப் பட்டியல் போட்டுப் பார்த்தோம். நான் வெட்டியதில் பாதி அவனுக்கு உயிர்.

'வாக்ஸஹாட்சி' ராக்கா, கண்ட்ரியா? எந்தப் பெட்டியில் போடுகிறீர்கள்? (சென்னை)

எங்கள் அலமாரியில் இதற்காகவே ஒரு சண்டை நடந்தது. வாக்ஸஹாட்சி என்ற பெயரில் பாடும் கேட்டி கிரட்ச்ஃபீல்ட் அலபாமாக்காரர். அங்குள்ள ஓர் ஓடையின் பெயரைத்தான் தனக்கு வைத்துக்கொண்டார். ஆரம்பத்தில் படுக்கையறையில் பதிந்த கரகரப்பான பாட்டுகள். 2024இல் வந்த ஆல்பம் 'டைகர்ஸ் பிளட்' டெக்ஸாஸ் எல்லையோரம் சோனிக் ராஞ்ச் ஸ்டுடியோவில் பதிந்தது. கண்ட்ரி என்கிற அமெரிக்க கிராமிய இசையில் வரும் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியம் இருக்கிறது, அதனால் கண்ட்ரி என்றார்கள். நான் இண்டி பெட்டியிலேயே விட்டேன். அவர் குரல் ஒரு சொல்லின் கடைசி அசையை இழுத்து விடுகிற விதத்துக்காகவே அந்த ஆல்பத்தை மாதக்கணக்கில் போட்டேன்.

அதில் கூடப் பாடுகிற, கிதார் வாசிக்கிற ஆள் எம்.ஜே. லெண்டர்மேன். வட கரோலினாவின் ஆஷ்வில் ஊர்க்காரர். செப்டம்பரில் 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்' என்று சொந்த ஆல்பம் கொண்டுவந்தார். தோற்றுப்போன ஆண்களைப் பற்றி இவ்வளவு சிரிப்பாக, அதே நேரம் அவர்களை விட்டுக்கொடுக்காமல் யாரும் அண்மையில் எழுதவில்லை என்பது என் கட்சி. ஒன்பதே பாட்டு. கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட 10 நிமிடம்; அதில் பாதிக்குமேல் வெறும் ரீங்காரம். முதல் தடவை அதைப் போட்ட ராத்திரி ஒருவர் போன் செய்து, "உங்கள் டிரான்ஸ்மிட்டர் புகைகிறதா, போய்ப் பாருங்கள்" என்றார். ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று நானும் எழுந்துபோய் மீட்டரைப் பார்த்தேன்.

ஸ்டீவ் ஆல்பினி இறந்த சமயம் நீங்கள் நிகழ்ச்சி செய்தீர்களா? (யாழ்ப்பாணம்)

செய்தேன். ஆல்பினி பெயர்பெற்ற ஒலிப்பதிவாளர், ராக் இசைக்காரரும்கூட. இறந்தது 2024 மே 7, மாரடைப்பு, வயது 61. அவருடைய 'ஷெல்லாக்' குழுவின் 'டு ஆல் ட்ரெயின்ஸ்' பத்து நாள் கழித்து வருவதாக ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது. பத்தாண்டு கழித்து வரும் ஆல்பம், அரை மணி நேரம்கூட இல்லை. கடைசிப் பாட்டின் தலைப்பு, நரகத்துக்கு எனக்குப் பயமில்லை என்று பொருள்படும். உயிரோடு இருக்கும்போது எழுதிய கிண்டல் அது. மே 17க்குப் பிறகு அதைச் சிரித்துக்கொண்டு போட முடியவில்லை.

நிகழ்ச்சியில் அவர் பதிந்தவற்றை வரிசையாகப் போட்டேன்: பிக்ஸீஸ் 1988, பிரீடர்ஸ் 1990, நிர்வாணா 1993. மூன்றிலும் டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். டிரம்ஸ் இருக்கும் அறையும் சேர்ந்து கேட்கும். தயாரிப்பாளர் என்று போடவிடமாட்டார், பதிந்தவர் என்றால் போதும். ராயல்டி வாங்கமாட்டார், கொத்தனார் கூலி மாதிரி பேசிய தொகை மட்டும். பிக்ஸீஸ், பிரீடர்ஸ் இரண்டிலும் இருந்த கிம் டீலின் தனி ஆல்பம் அந்த வருடம் நவம்பரில் வந்தது; அதிலும் அவர் பதிந்த பாட்டுகள் உண்டு. அதன் முதல் பாட்டில் வயலின்கள் நுழையும்போது, கிம் டீல் ஆல்பம்தானா என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

கெட்ட வார்த்தை வந்தால் என்ன செய்வீர்கள்?

சட்டப்படி காலை 6 முதல் இரவு 10 வரை கூடாது. பிறகு கொஞ்சம் தளர்வு. ஆனால் எங்கள் நிலையத்தில் எந்நேரமும் கூடாது, அபராதப் பயம். 'மனிக்கின் புஸ்ஸி'யின் 'ஐ காட் ஹெவன்' அந்த வருடத்தின் மிகக் கோபமான, மிக இனிமையான ஆல்பம். தலைப்புப் பாட்டை ஒருதடவைகூடப் போட முடியவில்லை. குழுவின் பெயரைச் சொல்லவே புது டி.ஜே.க்கள் மென்று விழுங்குவார்கள்.

ஃபாண்டெய்ன்ஸ் டி.சி.யின் 'ரொமான்ஸ்'?

அயர்லாந்து ராக் குழுவின் ஆல்பம். பெரிய மைதானத்துக்குத் தைத்த சட்டை. கடைசிப் பாட்டு மட்டும் எனக்கு அளவாக இருந்தது.

தமிழ்ப் பாட்டு போட்டதுண்டா அக்கா? (மதுரை)

ஒரே ஒரு தடவை. ஏட்ரியன் லெங்கரின் 'பிரைட் ஃப்யூச்சர்' என்று ஓர் ஆல்பம். 'டைகர்ஸ் பிளட்' வந்த அதே மார்ச் 22. கணினியே தொடாமல் டேப்பில் பதிந்தது, விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்கும். அதிலிருந்து ஒரு பாட்டு முடிந்ததும், 1980இன் 'என் இனிய பொன் நிலாவே' போட்டேன். அந்த கிதார் தொடக்கம் இடைவெளியே தெரியாமல் போய் ஒட்டிக்கொண்டது. உடனே ஒரு போன்: இது எந்த பேண்ட், எந்த லேபிள்? இளையராஜா என்ற பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் யேசுதாஸ் பாடி முடித்துவிட்டார்.

இதெல்லாம் எனக்குப் புதிது. எந்த வரிசையில் கேட்கலாம்?

ஆல்பமாக வேண்டாம், என் நிகழ்ச்சி மாதிரி ஒரு மணி நேரம் வையுங்கள். முதலில் வாக்ஸஹாட்சி, காது இளகும். உடனே ஷெல்லாக் போட்டால் அறைந்த மாதிரி இருக்கும், அதனால் நடுவில் கிம் டீல். ஷெல்லாக்குக்குப் பிறகு யாரும் பேசக்கூடாது. சிண்டி லீயில் இரண்டு பாட்டு. லெங்கரை விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். லெண்டர்மேனின் அந்தக் கடைசிப் பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் 1:48க்குப் போடுவேன். பாத்ரூம் போய்விட்டு, டீயும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, சரியாக 2 மணிக்கு நிலையத்தின் பெயரையும் ஊரையும் அறிவிக்க நேரம் இருக்கும்.