அம்புவாஸில் ஒரு வீட்டில் தங்கி ஊரைப் பார்ப்பது: கேள்வி பதில்

பிரெஞ்சு படிக்கப் போனபோது, பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் உள்ள அம்புவாஸில் ஒரு வயதான தம்பதியர் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். அங்கே போகப்போகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

கே: அக்கா, ரொம்பச் சின்ன ஊராமே, ஒரு மாதம் போரடிக்காதா?

ப: அடிக்காது. கோட்டையிலிருந்து க்ளோ லூசே மாளிகை வரை விக்டர் ஹியூகோ தெரு அரை கிலோமீட்டர்தான்; முதல் நாள் பத்து நிமிடத்தில் கடந்த அந்தத் தெருவில் கடைசி வாரம் ஒரு மணி நேரம் நடந்தேன். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வீடாக்கியிருப்பார்கள், பாறையில் சன்னலும் திரையும் தெரியும். ஞாயிறு காலை ஆற்றங்கரையில் சந்தை. வீட்டம்மா கூடையை எடுத்தால் கூடவே கிளம்பிவிடுங்கள். நடுவில் வைக்கோல் செருகிய செந்த்-மோர் ஆட்டுப்பால் சீஸில் எது இன்றைக்குச் சாப்பிட, எது நாளைக்குச் சாப்பிட என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். கடைக்காரரிடம் முதலில் போன்ஜூர் (வணக்கம்) சொல்லுங்கள், விலையை அப்புறம் கேட்கலாம்.

கே: நான் சைவம். சமாளிக்கலாமா?

ப: கிளம்பும் முன்பே வீட்டுக்காரர்களுக்கு எழுதிவிடுங்கள். மீனும் கோழியும் கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

கே: வீட்டுக்காரர்களை ‘வூ’ என்பதா, ‘த்யூ’ என்பதா?

ப: ‘வூ’, நம் ‘நீங்கள்’ மாதிரி; ‘த்யூ’ நம் ‘நீ’. அவர்களாகச் சொன்னபின் மாற்றிக்கொள்ளுங்கள்.

கே: அங்கே இருக்கும் லியனார்டோ டா வின்சி கல்லறை பொய்தானே?

ப: பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளாதீர்கள். பிரெஞ்சு மன்னர் பிரான்சுவா அழைத்து 1516இல் வந்தார், 1519 மே 2 அன்று க்ளோ லூசேயில் இறந்தார். கோட்டைக்குள் அவரைப் புதைத்த தேவாலயம் பின்னாளில் இடிக்கப்பட்டது. 1863இல் அந்த இடத்தைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகளை அவருடையவை என்று கருதி, கோட்டையிலேயே உள்ள சான்-ஊபேர் சிற்றாலயத்தில் வைத்தார்கள்.

கே: கருதித்தானே? அப்படியானால் டிக்கெட் காசு வீண்.

ப: வீண் இல்லை. எலும்பு யாருடையது என்பதில்தான் சந்தேகம், அவர் கடைசி மூன்று ஆண்டு அந்த ஊரில் வாழ்ந்ததில் சந்தேகமே இல்லை. மோனாலிசா பிரான்சில் இருப்பதே அவர் அதை இங்கே கொண்டுவந்ததால்தான். இதை எங்கள் வீட்டுத் தாத்தாவிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டேன். எலும்பு அவருடையதுதான் என்று அவர் ஒரே பிடியாக நிற்க, பாட்டி மறுக்க, அன்று நான் கேட்ட பிரெஞ்சு, வகுப்பில் ஒரு வாரம் கேட்டதைவிட அதிகம். இப்படி ஒரு கேள்வியோடு போங்கள்.

கே: கடைகளில் முகம் கொடுத்தே பேசுவதில்லையாமே?

ப: போன்ஜூர். மேலேயே சொல்லிவிட்டேன்.

கே: ரயில் நிலையம் பக்கமா?

ப: ஆற்றின் வடகரையில் இருக்கிறது, கோட்டை தென்கரையில். பாலம் வழியாக நடந்துவிடலாம். தூர் நகருக்கு ரயிலில் சுமார் இருபது நிமிடம்.

கே: இரவு வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால் தப்பா?

ப: தப்பில்லை, மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை சொல்லாமல் ஒன்பது மணிக்கு வந்தேன். சூப்பை மூடி வைத்துவிட்டு இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.